ஆறாவது ஏலம்

1938ஆம் ஆண்டு ஆனி மாதம் 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருபது நிமிடம். சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் வாசிகசாலையின் வருடக் கூட்டத்தில் ஒரு மாம்பழம் ஏலம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது.

கூரைக்கு ஓடு போட அறுபது ரூபாய் வேண்டும். அங்கத்தவர் நாற்பத்திரண்டு பேரின் சந்தா இருபத்தொரு ரூபாய். ஊருக்குள் நன்கொடைப் பட்டியலோடு நடந்து சேர்த்தது இருபது ரூபாய் ஐம்பது சதம். மிச்சம் பதினெட்டரை ரூபாயையும் அந்த ஒற்றை மாம்பழம்தான் தரவேண்டும். அது முடியாத காரியமல்ல. ஏலத்தில் எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, "வாசிகசாலைக்கே" என்று பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம். முந்தின வருடம் ஒரே பழம் பதினொரு தடவை விலைபோனதை நான் எண்ணியிருந்தேன்.

இந்த வருடப் பழம் பெரியப்பா கொடுத்தது, கறுத்தக்கொழும்பான் இனம். வேலித் தகராறில் அந்த மரம் அவர் பக்கம் போய், அப்பாவும் அவரும் கதைக்காமல் விட்டு இரண்டு வருடம் நாலு மாதம். அந்த மரத்துப் பழம் என் வாயில் பட்டும் அவ்வளவு காலம்.

ஏலம் கூறியவர் அம்மான், என் அம்மாவின் தம்பி. நாலு தடவையில் நாலரை ரூபாய் சேர்ந்தது. ஐந்தாம் தடவை அப்பா இரண்டு ரூபாய்க்கு எடுத்து, "வாசிகசாலைக்கே" என்று சொல்லிப் பழத்தை என்னிடம் தந்தார்.

"மேசையிலை கொண்டே வை."

மேசைக்கு ஏழு அடி. மூன்றாவது அடியில் கடித்துவிட்டேன்.

இன்னும் பன்னிரண்டு ரூபாய் சேரவேண்டியிருக்க, ஏலப் பொருளின் சாறு என் முழங்கையால் வழிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"சரி, பழம் பெடியன்ரை வயித்துக்கை போட்டுது," என்றார் அம்மான். "இனிப் பெடியனைத்தான் விக்கவேணும். ஆர் கேக்கிறியள்?"

"மூக்குச்சளியோடை எண்டால் அஞ்சு சதம்!" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"பன்னிரண்டு ரூபா."

கடைசி வரிசை வாங்கிலிருந்து பெரியப்பா எழுந்து நின்றார். புகையிலை விற்ற காசு அவரிடம் இருந்தது.

"அண்ணை, பகிடி விடுறியளோ?" என்றார் அம்மான்.

"காசு பகிடியில்லை. எண்ணிப் பார்."

அம்மான் அப்பாவைப் பார்த்தார். "அத்தான், நீங்கள் கேக்கிறியளோ?"

அப்பா ஓட்டைக் கூரையைப் பார்த்தார். அவர் மடியில் பதினைந்து ரூபாய் சம்பளக் காசு இருந்தது. காலையில் நானே எண்ணினேன். ஒருதரம், இரண்டுதரம் என்று அம்மான் இழுத்து இழுத்துச் சொன்னார். மூன்றுதரம். நான் விலைபோனேன்.

"வாசிகசாலைக்கே" என்று பெரியப்பா சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெரியம்மா என் முகத்தைக் கழுவிவிட்டு மாம்பழம் வெட்டினா. நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"என்னை எப்ப திருப்பிக் குடுப்பியள்?"

"வேணுமெண்டவன் வந்து கேக்கட்டும்."

ஆறு ஐம்பதுக்குப் படலையடியில் அப்பா வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணை," என்றார். "பெடியனைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"உள்ளுக்கை வா. மாம்பழம் வெட்டிக் கிடக்கு."

இருவரும் ஒரே தட்டிலிருந்து தின்றார்கள். மழையைப் பற்றியும் புகையிலை விலையைப் பற்றியும் கதைத்தார்கள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மூன்று நாள் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. மடியில் பதினைந்து ரூபாயை வைத்துக்கொண்டு, எனக்காக ஒரு இருபத்தைந்து சதம் கூட்டிக் கேட்காத மனிதர். பிறகு கதைத்தேனே தவிர, அந்தக் கணக்கை நெடுங்காலம் மனதில் வைத்திருந்தேன்.

அப்பா இறந்த பிறகு அவருடைய செலவுக் கொப்பியைப் பார்த்தேன். 'வேலி' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம். பிறக்கிராசிக்கு வழக்குக் கூலி, நிலஅளவைக்காரருக்கு, முத்திரைக்கு என்று அறுபத்துநாலு ரூபாய். அதற்குக் கீழே, 1938 ஆனி 12, மாம்பழம், இரண்டு ரூபாய். அதன்கீழ், கணக்கு முடிந்ததென்று இரட்டைக் கோடு.

மொத்தம் அறுபத்தாறு ரூபாய்.