சிந்தனை பரவியதா என்று பார்க்கப் போனேன்

ஒரு கருத்தை ஒழுங்காக வரையறுத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. தருகிறார்கள். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தவள், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தஞ்சாவூரில் இருந்தபடி இதைச் செய்கிறேன். அறக்கட்டளைகள் நடத்தும் திட்டங்களைப் படித்துப் பார்த்து, அவர்கள் சொல்வது அவர்களுக்காவது புரிகிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யாரோ மைக்கைப் பிடித்து 'விழிப்புணர்வு, விழிப்புணர்வு' என்று பேசப் பேச, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் அரை நாள் பட்டதை நான் வருடக்கணக்கில் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக மாட்டியது 'பொருளாதாரச் சிந்தனைப் பரவல்'. டெல்டா கிராமங்களில் பொருளாதாரக் கருத்துகளைப் பரப்புவதற்கு ஒரு அறக்கட்டளை திட்டம் நடத்திக்கொண்டிருந்தது. அதைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, நிதி கொடுத்தவர்கள் என்னிடம் அறிக்கை கேட்டார்கள். பரவல் என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள், அது தெளிவாக இருக்கிறதா? கேள்வி இவ்வளவுதான்.

இயக்குநரின் காவிரி

முதலில் இயக்குநரைப் பார்த்தேன். சென்னைக்காரர். அறைக்குள் போனதும் குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "பரவல்னா என்ன சார்?" என்றதற்குப் பதிலாகத் திரையில் ஒரு படம் வந்தது. மேட்டூரில் தண்ணீர் கிளம்பி, கல்லணையில் பிரிந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் கிளைவிட்டு வயலுக்குப் போகிறது. சிந்தனையும் இப்படித்தான் மேலே கிளம்பிக் கடைமடை வரைக்கும் போய்ச் சேரும் என்றார்.

கடைமடை விவசாயி ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் நாற்காலியைத் தூக்கியிருப்பார். தண்ணீர் வந்து சேரவில்லை என்று சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தே பழகிப்போனவர்கள் அவர்கள். அதை எடுத்துச் சொல்லி, உங்கள் சிந்தனையும் பாதி வழியில் நின்றுபோகுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனார்.

"உதாரணத்தை ரொம்ப ஆழமாப் பாக்காதீங்க மேடம், அது ஸ்லைடுக்காகப் போட்டது."

எல்லோரும் சேர்ந்து

ஊர்களைக் காட்டுவதற்கு என்னோடு அனுப்பப்பட்டவர் செலின். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண், அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. தன் கீழே ஒன்பது பெண்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறவர். வண்டி வடுவூர் தாண்டுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "தெளிவா இருக்குன்னு நீங்க எழுதினா எங்க பத்து பேருக்கும் வேலை இருக்கும் மேடம். இல்லன்னா அடுத்த மாசம் வீட்டுலதான்." அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்றும் சொன்னார். ஜன்னல் வழியே வடுவூர் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மன்னார்குடிப் பக்கத்தில் அவர்கள் நடத்திய பாடம், 'ஒரே பயிரை நம்பி இருக்காதீங்க'. கலியபெருமாள் என்கிற விவசாயி அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். அந்தத் தெருவே ஒப்பித்தது. ஒப்பித்ததோடு நிற்காமல், கோடையில் நெல்லை விட்டுவிட்டு அத்தனை பேரும் பருத்தி போட்டிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலும் இதே பாடம், இதே பருத்தி. எல்லாப் பஞ்சும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை படுத்துவிட்டது. 'கருத்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று அவரது நடத்தையை மாற்றுவது' என்பது அறக்கட்டளையின் வரையறை. சென்றது, மாற்றியது. அதன்படி இது மாபெரும் வெற்றி. ஆளுக்கொரு பயிர் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். கலியபெருமாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தனியா வேற போட்டு நட்டமானா ஊரே சிரிக்கும்ங்க. எல்லாருக்கும் சேந்து நட்டமானா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஏற்கெனவே தெரிந்தவர்

அதிராம்பட்டினத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கமால் பாயைத் தங்கள் சாதனைகளில் ஒருவராகக் காட்டினார்கள். சரக்கு வரத்து கூடினால் விலை இறங்கும், கேட்பவர் கூடினால் விலை ஏறும் என்பது அவருக்கு நடந்த பயிற்சி. தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பத்துக்கு! பயிற்சிக்கு முன்னாலும் அவருக்கு இது தெரியும், பின்னாலும் தெரியும். தெரிந்தவரிடமே போய்ச் சேர்ந்தால் அது பரவலா? வரையறை வாயைத் திறக்கவில்லை. செலினைப் பார்த்தேன், அவர் ஆணிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதற்குத்தான் பயிற்சிக்குப் போனீர்கள் என்று பாயிடமே கேட்டேன்.

"கூட்டத்துக்கு ஆளு பத்தலன்னு இந்தப் பொண்ணு வந்து நின்னுச்சு. அது மொகத்தப் பாத்துட்டு வர மாட்டேன்னு எப்புடிம்மா சொல்றது?"

நிபுணர்கள்

நான் நச்சரிப்பதைப் பார்த்து இயக்குநர், வரையறையைச் செப்பனிட ஒரு நிபுணர் குழுவைக் கூட்டினார். ஒருவர் 'உள்ளடக்கிய' என்பதைச் சேர்க்கச் சொன்னார். இன்னொருவர் 'நிலைத்த' இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு 'பன்முக' வந்தது, காபிக்குப் பிறகு 'அடித்தள' வந்தது. சாயங்காலம் அதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். இத்தனை வருடம் வகுப்பெடுத்த எனக்கே நடுவில் மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற பேராசிரியரிடம், இதை வைத்துக்கொண்டு பரவியதா இல்லையா என்று யாராலுமே சொல்ல முடியாதே என்று முணுமுணுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்குத்தானம்மா காலையிலேருந்து உக்காந்திருக்கோம். சின்னதா எழுதினா மாட்டிக்குவோம்."

நல்ல செய்தி

'தெளிவில்லை' என்றுதான் எழுதினேன். செலின் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் கை நின்றது. ஆனாலும் இல்லாததை இருக்கிறது என்று எழுத எனக்கு வராது. இயக்குநர் பாடு இனித் திண்டாட்டம்தான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. மறு வாரம் அவரே போன் செய்தார். குரலில் கல்யாணக் களை. கருத்தைத் தெளிவுபடுத்துவதற்கென்றே இரண்டு வருடத்துக்குப் புதிய திட்டம் கிடைத்துவிட்டதாம். தெளிவாகும்வரை ஊர்களில் வேலை கிடையாது, அலுவலகத்தில் மட்டும்தான். அப்படியானால் செலினும் மற்றப் பெண்களும்? அவர்களை அனுப்பியாகிவிட்டது. நான் ஆலோசகராக வர வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனை வைப்பதற்கு முன் அவர் நன்றி வேறு சொன்னார்.

"உங்க ரிப்போர்ட்தான் மேடம் எங்களைக் காப்பாத்துச்சு."

பட்டுக்கோட்டை துணிக்கடை

உறவுக்காரர் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன இடத்தில், கடைச் சீருடையில் செலின் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்றேன். ஓடுகிறது என்றார். நான் எழுதியது தப்பில்லை என்று எனக்குத் தெரியும், அதை அந்த முகத்துக்கு நேரே சொல்லத்தான் வாய் வரவில்லை. இங்கே வேலை எப்படி என்று மட்டும் கேட்டேன். மேஜைமேல் ஒரு புடவையை உதறி விரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இங்க குழப்பமே இல்ல மேடம். வித்தா வேலை, விக்கலன்னா வீடு. இந்த மெரூனை எடுத்துக்குங்க, உங்களுக்கு நல்லா இருக்கும்."

கருத்தைக் குழப்பியவர்களுக்கு இரண்டு வருட வேலையும், அதைச் சுமந்துகொண்டு வெயிலில் அலைந்தவர்களுக்கு வெளியே போகும் வழியும், உள்ளதை உள்ளபடி எழுதிய எனக்கு ஒரு மெரூன் புடவையும் கிடைத்ததுதான் அந்த மதிப்பீட்டின் மொத்தப் பலன்.