பூட்டு இல்லாத மடக்குக் கத்தி

அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முதல் நாள் பின்னேரம், கொழும்பு வெள்ளவத்தையில் அவர்களின் மாடிக் குடியிருப்பு வாசலில் வாழை கட்டிக்கொண்டிருந்தோம். தண்டில் கயிறு கோக்கத் துளை போட அத்தான் கத்தி கேட்டார். மரப்பிடியின் அழகைப் பார்த்துப் புறக்கோட்டை நடைபாதையில் நான் வாங்கிய மடக்குக் கத்தியைக் கொடுத்தேன். விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு அதில் இல்லை. வாங்கும்போது நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

“அலகு கொஞ்சம் ஆடுற மாதிரிக் கிடக்கு,” என்றார் அத்தான்.

“புதுசு அத்தான், பயப்படாமல் குத்துங்கோ,” என்றேன்.

குத்தி அழுத்தியதும் அலகு மடங்கி அவருடைய விரல்களில் இறங்கியது. இரண்டு விரல்களுக்குத் தையல் போட்டார்கள்.

மறுநாள் மணவறையில், மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கவேண்டிய கை கட்டுக்குள் இருந்தது. அவள்தான் தகப்பனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணப் படங்களில் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் அந்தக் கையைச் சால்வைக்குள் மறைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் கத்தியைக் கடையிலேயே விரித்து, அலகின் முதுகை மேசையில் அழுத்திப் பார்க்கிறேன். சற்று அசைந்தாலும் வாங்குவதில்லை.

அத்தான் என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அக்காவும்தான். ஆனால் நான் போகும் நாட்களில் அவள் கல்யாணப் பட அல்பத்தை வெளியில் எடுப்பதில்லை.