தடிப்பு என்று எனக்கொரு பெயர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருந்தும் எங்கள் ஊர் இறுப்பிட்டியில் மேல்வீடு கட்டிய முதல் ஆள் நான்தான். இரண்டு லொறி ஓட்டினேன். கடை வைத்தேன். எவரிடமும் கைநீட்டாமல் செய்தவை எல்லாம். அதனால் புத்தகத்தில் செருக்கு, ஆணவம் என்று எழுதுகிற சமாச்சாரத்துக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தடிப்பு.

கடைசியாக அதைச் சொன்னவர் என் மச்சாள், அண்ணையின் மனைவி. அண்ணை கலியாணம் முடித்தது நெடுந்தீவில். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கடைசி மகளின் கலியாண அழைப்புக் காட்டை ஒரு படகோட்டியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்களில், கூடப்பிறந்தவனுக்கு அப்படி அனுப்புவதில்லை. வீட்டுக்கு நேரே வந்து, சந்தனம் குங்குமம் தந்து, வாயால் சொல்ல வேண்டும். என் பிள்ளைகள் மூவரின் கலியாணத்துக்கும் நான் கடல் தாண்டிப் போய்ச் சொன்னவன். காட்டை அதே படகில் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் அந்த ஓட்டி வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா ஒண்டு சொல்லிவிட்டவ, அண்ணை. தடிப்புப் பிடிச்ச மனுசன் எண்டு."

"ஓம், தடிப்புத்தான் எண்டு போய்ச் சொல்லு."

நான் கலியாணத்துக்குப் போகவில்லை. என் முன்னால் நெடுந்தீவுப் பேச்சை எடுக்கக்கூடாது என்று வீட்டிலும் கடையிலும் சொல்லி வைத்தேன். நான் சொன்னால் சொன்னதுதான், ஒருவரும் எடுக்கவில்லை.

போன மாசிப் பக்கம், குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ்ஸுக்கு நின்றபோது நெடுந்தீவு வாத்தியார் ஒருவர் கதை கொடுத்தார். படித்த மனிதர்தானே என்று, தடிப்பு என்ற சொல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன்.

"தடி எண்டால் பருமன், அண்ணை. அதிலை இருந்து வந்த பழைய சொல். குளவி குத்தினால் தோலிலை எழும்பி நிக்குமே, அதுக்கும் தடிப்பு எண்டுதான் பேர்."

"அப்ப வளர்ந்தவனுக்குச் சொல்லுற பேர். நல்லதுதானே!"

"வளர்ச்சி இல்லை, வீக்கம்," என்றவர், "உங்கடை அண்ணை படுக்கையிலை எண்டாவது தெரியுமோ?" என்று கேட்டார்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அண்ணைக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம். மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிந்தால் குழம்பிவிடும் என்று வெளியில் மூச்சு விடவில்லையாம். இப்போது நினைவும் தப்பித் தப்பி வருகிறதாம்.

பஸ்ஸை விட்டுவிட்டுப் படகேறினேன். அண்ணையின் வாயால் "வாடா" என்று ஒரு சொல், அது போதும் என்றிருந்தது.

மச்சாள் படலையில் நின்றா. "இண்டைக்கு ஆர் சொல்லி வந்தனீர், தம்பி?" என்று கேட்டுவிட்டு விலகி வழிவிட்டா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அண்ணை மெலிந்து கிடந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கடல் எப்பிடி, ஓட்டி?"

"பரவாயில்லை."

"நீர் அங்காலை போகேக்கை இறுப்பிட்டியிலை என்ரை தம்பியிட்டை ஒருக்காச் சொல்லும். பிள்ளைக்குக் கலியாணம். எனக்குக் கால் ஏலாது, இல்லாட்டி நேரே வந்திருப்பன் எண்டு சொல்லும். இல்லாட்டி அவன் வரான்."

"நான்தான் அண்ணை உங்கடை தம்பி."

கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பகிடி விடாதையும். அவன் உம்மை மாதிரிக் கிழவன் இல்லை," என்றார்.

அதன்பிறகு நான்கு தடவை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே செய்தியைத்தான் தந்து அனுப்புகிறார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, படகு வெளிக்கிட முன் இறங்குதுறைக்கு வந்துவிடுகிறேன்.