ஃபைட்டர் மீனுக்குக் கூட்டாளி

என் மாமா ஒரு பொய்யர். அம்மாவின் தம்பி, விழுப்புரத்தில் பைக் மெக்கானிக், நாலு பேர் மதிக்கிற மனிதர். இருந்தாலும் பொய்யர். ஒரு நத்தை செய்யாத வேலையை நத்தை செய்ததாகச் சொல்லி இத்தனை வருடமாகப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் அப்போது திண்டிவனத்தில் இருந்தோம். நான் நான்காம் வகுப்பு. என் பிறந்தநாளுக்கு மாமா ஒரு ஃபைட்டர் மீனும் சின்னக் கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்தார். நீல உடம்பு, சிவப்பு வால். யாராவது கிட்டே போனால் செவுளை விரித்துக்கொண்டு முட்ட வரும். எனக்கும் அந்த வயதிலேயே கோபம் அதிகம். அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

தொட்டி வைக்க வீட்டில் ஒரே ஒரு பலகைதான் காலியாக இருந்தது. அது மாதா பீடத்துக்கு நேர் கீழே. பீடத்துக்கு ஒரு டியூப்லைட் உண்டு. அது ராத்திரி பகல் எரியும். மாமாவுக்குக் கல்யாணம் ஆகும்வரை மாதா விளக்கை அணைப்பதில்லை என்று அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். ஆனால் மாமா, அப்பா பார்த்துச் சொன்ன பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அப்பாவுக்குச் சொந்தம். அன்றிலிருந்து அப்பா மாமாவிடம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

கொஞ்ச நாளில் தொட்டி பச்சையாகிவிட்டது. தண்ணீரை மாற்றினாலும் கண்ணாடியில் ஒட்டிய பாசி போகவில்லை. மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் பங்குச் சாமியார் வீடு வீடாக மந்திரிக்க வருவார். வந்தால் பீடத்துக்கு முன்னால்தான் நின்று ஜெபிப்பார்.

“மாதா காலடியில சாக்கடைய வச்சிக்கினு சாமியார எப்படி உள்ள கூப்புடுறது?” என்றார் அம்மா. “அதுக்குள்ள சுத்தம் ஆவலன்னா மீன கொண்டும்போய் ஏரில வுட்டுடுவேன்.”

அம்மா சொன்னால் செய்வார். என் முயலை அப்படித்தான் கிளியனூர்ப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். நான் சாப்பிடாமல் அழுதேன்.

தேய்த்துக் கழுவியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமா விடவில்லை. தொட்டிக்குள் கையை விட்டால் ஃபைட்டர் பயத்திலேயே செத்துப்போகும் என்றார். பாசி தின்கிற ஜீவனைக் கூட்டாளியாக விடுவதுதான் முறையாம். இன்ஜினைத் தவிர எதுவும் தெரியாத மனிதர் எங்கள் வீட்டில் மீன் டாக்டர் ஆகிவிட்டார்.

முதலில் கறுப்பு மோலி மீன் ஒன்று வந்தது. பாசியைக் கொத்தத்தான் செய்தது. மறுநாள் காலையில் அதன் வாலில் பாதி இல்லை. மாமா அதை எடுத்துப்போய்விட்டு, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீனைக் கொண்டுவந்தார். அது பாசி பக்கமே திரும்பவில்லை. என் மீனுக்குப் போட்ட தீனியைத் தின்றுவிட்டு மூலையில் கிடந்தது. என் மீன் அதை முட்டி முட்டித் தன் மூக்கைத்தான் புண்ணாக்கிக்கொண்டது. அடுத்து குட்டி இறால்கள். ஒன்றையும் காணோம் என்றதற்கு, கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும் என்றார் மாமா. தொட்டியில் கல்லே கிடையாது.

“டேய், கூட்டாளி தேடுறியா, அதுக்குச் சோறு போடுறியா?” என்று அம்மா கேட்டார்.

சாமியார் வர ஒரு வாரம் இருக்கும்போது மாமா ஏரியிலிருந்து ஒரு நத்தையைப் பிடித்து வந்தார். என் மீன் அதன் கொம்பைக் கடித்தது. நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது. என் மீன் வெளியே காவல் நின்றது. கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டது.

“இது பாத்துக்கும் பாப்பா. நீ ஒண்ணும் பேஜாராவாத” என்று சொல்லிவிட்டு மாமா விழுப்புரம் போனார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் கண்ணாடியில் ஒரு பக்கம் சுத்தம். அடுத்த நாள் இன்னொரு பக்கம். வார முடிவில் மாதாவின் முகம் தொட்டிக் கண்ணாடியில் தெரிந்தது. நான் நத்தைக்கு முத்தம் கொடுக்காத குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா தொட்டியில் முகத்தை ஒட்டிவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியில் நேர்நேராகச் சில கீறல்கள் இருந்தன. நத்தை நடந்த தடம் என்று நான்தான் அவருக்கு விளக்கினேன். “ஆமா பாப்பா, நத்த நேரா நடக்கும்” என்றார்.

அன்றுதான் சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்தார். என் மீன் அவரையும் முட்ட வந்தது. அவர் சிரித்துக்கொண்டே போனார். மீன் தப்பித்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். அப்பா அன்றைக்கு வெளியே போகவில்லை என்பதைக் கவனித்தேன், பெரிதாக நினைக்கவில்லை. சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், “நத்தைக்காரருக்கு இன்னும் ரெண்டு துண்டு வை” என்றார்.

மாமா தலையை நிமிர்த்தவில்லை. “போதும் மாமா” என்றார். அப்பாவை அவர் கூப்பிடும் முறை அது. அந்தக் குரல் ஏன் அப்படிக் கம்மியது என்று எனக்குப் புரியவில்லை. கறியில் காரம் என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தேன்.

அந்த வருடமே மாமாவுக்குக் கல்யாணம் ஆனது. அவர் மனதில் இருந்த வானூர்ப் பெண்ணை அப்பாவே போய்ப் பேசி முடித்தார். அம்மா மாதா விளக்கை அணைத்தார். அதன் பிறகு தொட்டியில் பாசியே பிடிக்கவில்லை. அந்தப் பேரும் நத்தைக்குத்தான் போனது. ஓயாத வெளிச்சத்தில்தான் பாசி வளர்ந்தது என்று அந்த வீட்டில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை.

போன மாதம் என் மகளின் ஃபைட்டர் தொட்டிக்கு நானும் நத்தை வாங்கி விட்டேன். அது விரல் அகலத்துக்கு ஒரு தடம் போட்டது. மற்ற இடமெல்லாம் கழிந்து வைத்தது. கோபத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு மாமாவைத் திட்டினேன். அம்மா சிரித்தார். தினமும் விடிவதற்குள் எழுந்து ஷேவிங் பிளேடால் சுரண்டியது அப்பாவாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: “அவன் கொண்டாந்தது. இதுவும் தோத்துச்சின்னா புள்ள முன்னாடி அவன் மூஞ்ச எங்க வச்சிப்பான்?”

அப்பாவிடம் கேட்டால் இன்றைக்கும் நத்தைதான் என்கிறார். அவரை விட்டுவிடுகிறேன். மாமா, உங்களை விடமாட்டேன். வருகிற ஈஸ்டருக்கு எல்லாரும் திண்டிவனத்தில்தானே சாப்பிடப்போகிறோம்? அத்தை இருப்பார், உங்கள் பிள்ளைகள் இருப்பார்கள், அப்பாவும் எதிரே உட்கார்ந்திருப்பார். அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அது பிளேடு என்று தெரிந்துதானே அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தீர்கள்?