யோகக்கா வெளுக்க மறுத்த முகம்

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் தொலைபேசி அடித்தது. யோகக்காவின் தம்பி மனைவி. "சாந்தி அக்கா, மச்சாள் எங்களை விட்டுப் போட்டா" என்றாள். பொறுக்கிய வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு ஓட்டோ பிடித்துக் கொக்குவிலில் யோகக்கா வீட்டுக்குப் போனேன். வழியிலேயே எங்கள் பாடசாலையின் பழைய மாணவியர் சங்கம் முகநூலில் அஞ்சலி போட்டுவிட்டது. "வர்ணங்களின் அரசியை இழந்தோம்" என்று எழுதியிருந்தார்கள். நான் அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியைப் பையின் அடியில் திணித்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று யோகக்காவின் தம்பி கேட்டார். நல்லதாக எழுதச் சொன்னார். நடந்ததை எழுதுகிறேன். நல்லதா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

யோகராணி ரீச்சர் எங்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தார். நான் கணிதம். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் யோகக்கா. பாடசாலைக்கு அவர் வேண்டியிருந்ததெல்லாம் அவசரத்துக்குத்தான். நாளைக்கு அமைச்சர் வருகிறார், பதாகை வேண்டும். நாளன்றைக்கு வாணி விழா, மேடைக்குப் பின்திரை வேண்டும். அக்ரிலிக் வர்ணம் அதற்கு ஏற்றது. தண்ணீரில் கரைத்துப் பூசினால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அப்படியே சுவரில் ஏற்றலாம். யோகக்கா படம் நன்றாகவே கீறினார், முகங்களையும் அக்ரிலிக்கிலேயே கீறினார். எல்லாரும் புகழ்ந்தார்கள். அவர் மட்டும் திருப்திப்படவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு கொழும்பிலிருந்து எண்ணெய் வர்ணமும் ஆளிவிதை எண்ணெயும் வர்ணம் கரைக்க ரேப்பன்தைனும் வருவித்தார். "இந்த வயதிலை ஏன் அக்கா உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"அக்ரிலிக் என்னை யோசிக்க விடாது சாந்தி. நான் ஒரு கன்னத்தைப் பாத்து முடிக்க முதல் அது காய்ஞ்சு போடும். எனக்கு ஒரு முகத்தை ஆறுதலாப் பாக்கவேணும். நீ வந்து இரு."

அப்படித்தான் நான் அவருடைய வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையில் இருக்கத் தொடங்கினேன். முதலில் கீறிய என் முகம் சேறாகிப் போனது. கை பழக்கத்தை விடவில்லை. ஒரு பூச்சுப் பூசியதும் அது காய்ந்துவிட்டதென்று நினைத்து அடுத்ததை மேலே வைப்பார். ஈரத்தோடு ஈரம் கலந்து கன்னமும் மூக்கும் ஒன்றாய்க் குழம்பிவிடும். துணியை எடுத்து என் முகத்தைத் துடைத்தெறிந்துவிட்டுச் சிரிப்பார். "உன்ரை மூஞ்சை கழுவுப்பட்டுப் போச்சு. நாளைக்கு வா."

இரண்டாவது படம் மாரியில் அகப்பட்டது. ஈரக்காற்றில் அது காயவே இல்லை. பொறுமை கெட்டு, அடிப்பூச்சில் எண்ணெயைக் கூட்டி மேற்பூச்சில் குறைத்துவிட்டார். மேலே இருந்தது முந்திக் காய்ந்தது. கோடை வந்ததும் படத்தில் என் நெற்றி வெடித்தது. அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போகக் கூட இருக்கவேண்டும் என்பதை அந்த வெடிப்பிலேதான் அவர் படித்தார். அதன்பிறகு ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் நாள்கணக்காகக் காத்திருந்தார். அந்த நாட்களிலும் என்னை வரச்சொல்லி இருத்திவைத்துச் சும்மா பார்ப்பார்.

அவர் உண்மையில் கற்றுக்கொண்டது நிறம். பாடசாலைக் காலத்தில் தோலுக்கென்று ஒரு கலவை வைத்திருந்தார். கறுத்தவர்களுக்கு அதிலே கொஞ்சம் கறுப்பைச் சேர்ப்பார். எண்ணெய்க்கு வந்தபின் கறுப்புக் குழாயைத் தொடுவதையே விட்டுவிட்டார். செம்மண் நிறமும் கடும் நீலமும் கலந்து பார்த்தார். ஒருநாள் தூரிகையை நீட்டி, "அசையாதை. உன்ரை தாடையிலை பச்சை இருக்கு" என்றார். நான் பயந்து போனேன். "நெத்தியிலை ஊதா. எங்கடை ஆக்களின்ரை தோலிலை எவ்வளவு கிடக்கு! முப்பது வருசமா நான் இதைக் காணேல்லை." அன்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வேறு எதற்கும் அவர் கண் கலங்கி நான் அறியேன்.

பாடசாலையின் விழாவுக்கு முன்னாள் அதிபரின் உருவப்படம் ஒன்று மண்டபத்தில் வைக்கவேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. எல்லோரும் 'பெரிய ரீச்சர்' என்று அழைக்கும் அந்த அம்மையாருக்கு அப்போதே எண்பது கடந்திருந்தது. நல்ல கறுப்பு. அவர் நடந்து வந்தால் பாடசாலையே அடங்கும். யோகக்கா அவருடைய வீட்டுக்கே படச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாதக்கணக்கில் கீறினார். படம் முடிந்த அன்று நானும் உடன் போயிருந்தேன். பெரிய ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஓம் பிள்ளை, இது நான்தான்" என்றார். யோகக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

சங்கத்தின் கூட்டத்தில் செயலாளர் தன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். படத்தைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். 'ரீச்சர் ஏன் இப்படிக் கறுத்துப்போனா?' 'வெயிலுக்கை இருத்திக் கீறினதோ?' சிலர் சிரித்தார்கள்.

"கொஞ்சம் வெளிச்சமாக்கினால் சரி ரீச்சர்" என்றார் செயலாளர். "ஒரு பூச்சுத்தானே."

"அவவின்ரை முகத்துக்கு நான் சுண்ணாம்பு அடிக்கேலாது" என்றார் யோகக்கா. பிறகு முன்வரிசையில் இருந்த பெரிய ரீச்சரைப் பார்த்துத் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர்."

பெரிய ரீச்சர் தன் சேலை மடிப்பைச் சரிசெய்தார். "பிள்ளையள் ஆசைப்படுகினம். அவையின்ரை விருப்பப்படி செய்து குடுங்கோ" என்றார்.

யோகக்கா நேரே படத்தடிக்குப் போனார். படத்தைத் தாங்கியிலிருந்து எடுத்தார். மேற்பூச்சு முழுதாகக் காயாததால் நெஞ்சோடு அணைக்க முடியாது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தள்ளிவைத்தபடி மண்டபத்தின் நடுவால் நடந்து வெளியே போனார். கதவைத் திறந்துவிட ஒருவரும் எழும்பவில்லை. நான்தான் ஓடிப்போய்த் திறந்தேன்.

மண்டபத்தில் இப்போது தொங்குவது ஒரு பழைய புகைப்படத்தைக் கணினியில் வெளுத்து அச்சடித்த படம். அதில் பெரிய ரீச்சருக்கு ரோஸ் நிறக் கன்னம்.

அதன்பிறகு யோகக்கா அந்தப் பாடசாலை வாசலை மிதிக்கவில்லை. தொடர்ந்து கீறினார். சந்தையில் வெங்காயம் விற்கும் பெண்களை, தன் தம்பியை, என்னைத் திரும்பத் திரும்ப. பார்க்கத்தான் ஆள் வரவில்லை. ஈரலில் நோய் கண்டபோது, "உந்த எண்ணெய் மணம்தான் ஆளைத் திண்டது" என்று ஊர் சொன்னது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கடைசிக் கிழமையில் ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அந்தப் படம் உன்னட்டை இருக்கட்டும். பெரிய ரீச்சர் கேட்டால் குடு. பள்ளிக்கூடம் கேட்டால் குடாதை."

"அவவிலை கோவம் இல்லையோ அக்கா?"

"இருக்கு. ஏன் இல்லாமல்? ஆனா முகம் அவவின்ரைதானே."

செத்தவீட்டுக்குச் செயலாளர் மலர்வளையத்தோடு வந்தார். என்னை ஓரமாக அழைத்து, "அந்தப் படம் உங்களிட்டையாம். யோகா ரீச்சரின்ரை நினைவா மண்டபத்திலை மாட்டுவம் எண்டு யோசிக்கிறம். அப்பிடியே வைக்கலாம், ஒண்டும் மாத்தத் தேவையில்லை" என்றார்.

"பெரிய ரீச்சர் கேட்டவவோ?"

"அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. வயது போட்டுது, பாவம்."

"அப்ப இல்லை" என்றேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெரிய ரீச்சர் அன்றைக்கு வரவில்லை. இன்றுவரை ஆளனுப்பவும் இல்லை.

கிரியைகள் முடியும் தறுவாயில்தான் பெட்டிக்கு அருகே போய் நின்றேன். உடலைச் சோடித்தவர்கள் யோகக்காவின் முகத்துக்கு வெள்ளைப் பவுடரை அப்பி, கன்னத்தில் சிவப்பும் உதட்டில் சாயமும் பூசியிருந்தார்கள். அங்கே கிடந்தது யாரோ ஒரு பெண். நான் என் கைலேஞ்சித் துணியைச் செம்புத் தண்ணீரில் நனைத்தேன்.

"என்ன செய்யிறியள் அக்கா?" என்று தம்பி மனைவி பதறினாள்.

"முகம் துடைக்கிறன்."

ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவள் என்னைத் தடுக்கவில்லை. கொஞ்சநேரத்தில் தானும் ஒரு துணியை நனைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தாள். நெற்றி, கன்னம், தாடை என்று இருவருமாகத் துடைத்தோம். உயிர் போன தோலில் நிறம் மங்கியிருந்தது. ஆனாலும் அது அவருடைய தோல்.

பெட்டியை மூடித் தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுகொண்டோம். போயிட்டு வாங்கோ அக்கா. உங்கடை முகத்தோடைதான் உங்களை அனுப்பினனாங்கள்.