அப்பா பெயரில் வந்த முடிவு

பூனைக்கு ரத்தம் எடுத்த அன்று வீட்டில் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், கால்நடைக் கல்லூரியிலிருந்து வந்த டாக்டரம்மா இருந்தார். அப்பா இல்லை; கொரோனாவில் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அக்காவும் இல்லை. அவள் வாழ்க்கைப்பட்டது பக்கத்தில் திருவரங்குளத்தில்தான். ஆனாலும் தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீடு வரவில்லை. பூனைதான் நோயைக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தது என்பது அவள் முடிவு. அது இருக்கும்வரை பிள்ளையோடு வாசல் மிதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். வருஷத் திதிக்காவது வருவாளா என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். விலங்கியல் முடித்துவிட்டு, கொரோனா வந்த வீடுகளின் பூனைகளுக்கு ஆன்டிபாடி பார்க்கும் ஓர் ஆய்வில் உதவியாளாக இருந்தேன். நோய் வந்துபோயிருந்தால் ரத்தத்தில் அதன் அடையாளம் தங்கும். அதைத் தேடுவது வேலை. பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வது என் பங்கு. "பூனைக்குமா பாக்குறீங்க? மொதல்ல அதுக்கு ஆதார் எடுத்துக் குடுங்க" என்பார்கள் போகிற வீடுகளில். பட்டியலில் எங்கள் வீட்டையும் நானே சேர்த்தேன். ஒன்றுமில்லை என்று காகிதத்தில் வந்தால் அக்காவிடம் காட்டலாம். அப்படித்தான் வரும் என்று நம்பினேன், அவளிடமும் சொல்லிவைத்தேன்.

டாக்டரம்மா படிவத்தை நிரப்பினார். "பூனை பேரு என்னங்க?"

"அதுக்கு எதுக்குங்க பேரு? சோறு போட்டா அதுவா வரும்."

"வளக்குறவங்க பேரு?"

அம்மா தயங்காமல் அப்பாவின் பெயரைச் சொன்னாள். கரண்டு பில்லும் வீட்டு வரியும் இன்னும் அவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தன. நான் திருத்தியிருக்க வேண்டும். பூனையின் காலைப் பிடித்தபடி சும்மா இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு என் போனுக்கு வந்தது. மேலே அப்பாவின் பெயர், கீழே பாசிட்டிவ். போன வருஷம் அவர் படுத்தபோது அவருக்கு வந்த முடிவும் இதே மாதிரிதான் இருந்தது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"நாஞ் சொன்னேன்ல?"

"இது முன்னாடி வந்துட்டுப் போனதுக்கா. இப்ப அதுக்கிட்ட நோய் இல்ல. மனுசங்ககிட்டேருந்துதான் பெரும்பாலும் பூனைக்குப் போவும். அப்பாகிட்டேருந்து போயிருக்கும்."

"போயிருக்குமா, போச்சா? படிச்சவன்தானே, ஒண்ணச் சொல்லு."

"அத இந்த டெஸ்ட்டுல சொல்ல முடியாதுக்கா."

"அப்பறம் என்னத்துக்குடா எடுத்த? அப்பா பேரப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு." போனை வைத்துவிட்டாள்.

அம்மா பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கிட்டக்க இருந்தாத்தானே தம்பி அதுக்கு ஒட்டும்?"

"ஆமாம்மா."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன் ஆறு நாள் அப்பா உள்ளறையில் தனியாகக் கிடந்தார். நாங்கள் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பூனை மட்டும் ஜன்னல் வழியாகப் போய்வந்தது.

"அப்ப மனுசன் ஒண்டியாக் கெடக்கல" என்றாள் அம்மா. சாயங்காலம் விளக்கேற்றினாள். பிறகு, "திதிக்கு அவ வரணும் தம்பி. பேரப்புள்ள நம்ம வீட்டுக்கு வரணும்" என்றாள்.

அடுத்த வாரம் பூனையைக் காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, இரண்டு பஸ் மாறிக் கோட்டைப்பட்டினம் போனோம். மீன் வருகிற ஊர், பட்டினி கிடக்காது என்றாள் அம்மா. படகுகள் கரையேறும் இடத்தில் கூடையைத் திறந்தேன். அது இறங்கவில்லை. அம்மாதான் இரண்டு கையாலும் தூக்கி மணலில் விட்டாள். அவள் அதைத் தொட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

அக்கா திதிக்கு வந்தாள். அம்மா பேரனை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பூனையை விட்டுவர என்ன செலவாச்சு, நான் தந்துவிடுகிறேன் என்றாள். போக வர எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட், போகும்போது கூடைக்கு லக்கேஜ். எல்லாம் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.