வைவாவில் சுற்றிய ஃபேன்

புனே பக்கம் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு ஒரு திமிர் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரைப் பற்றியே தமிழில் விமரிசனம் செய்வோம். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். அந்தத் தைரியத்தை நம்பித்தான் நானும் என் நாத்தனாரும் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா வாய்மொழித் தேர்வுக்கே, அதாவது வைவாவுக்கே, போனோம்.

நாத்தனார் என் கணவரின் தங்கை. ஒரே வீடு, வேலை முடிந்து ஒரே மாலை வகுப்பு. அவளுக்கு இது முதல் தடவை, எனக்கு மூன்றாவது. இந்த முறையும் கோட்டை விட்டால், ஃபேக்டரியின் டெஸ்டிங் பிரிவில் எனக்காகப் பிடித்து வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். நான் பழையபடி பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டியதுதான்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எங்கள் இருவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டார். வழுக்கைத் தலை, சிரிப்பே வராத முகம், இந்திப் பேச்சு. மேசைமேல் இருந்த ஆஸிலோஸ்கோப் திரையில் படிக்கட்டு மாதிரி ஓர் அலை ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "மேடம், யே டிஜிட்டல் ஹை, யா சிர்ஃப் குவான்டைஸ்டு?" என்றார். இது டிஜிட்டலா, இல்லை வெறும் குவான்டைஸ்டா என்று கேள்வி.

இரண்டும் ஒன்றில்லையா? படி தெரிந்தால் டிஜிட்டல், அவ்வளவுதான் மூன்று வருஷமாக என் படிப்பு.

நாத்தனார் வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அந்த வயரிடமே பேசுகிறவள்போல ஆரம்பித்தாள். "அண்ணி, முழிக்காதீங்க. நம்ம வீட்டு ஃபேன் ரெகுலேட்டர நெனச்சுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படிதான். ரெண்டரைல நிக்காது. ஆனா எந்த நிமிஷம் வேணும்னாலும் திருப்பலாம். அது குவான்டைஸ்டு. எங்கம்மா அரைமணிக்கு ஒரு தடவ வந்து பாத்து, ரெண்டத் தாண்டினா அப்பாவுக்குச் சளி பிடிச்சிடும்னு நம்பர நோட்டுல எழுதுறாங்கல்ல? நேரத்தையும் துண்டு போட்டாச்சு, நம்பராவும் எழுதியாச்சு. அதான் டிஜிட்டல்."

அட! மூன்று வருஷம் புத்தகத்தில் புரியாதது மாமியார் தொல்லையில் புரிந்துவிட்டது. திரையில் இருப்பது வெறும் குவான்டைஸ்டுதான் என்று, ஃபேன் கதையோடு இந்தியில் மூச்சுவிடாமல் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? நாத்தனாரிடம் திரும்பி, "சொல்லிட்டேன்டி. இந்த வழுக்கை மண்டைக்குப் புரிஞ்சுதோ என்னவோ," என்றேன்.

"வழுக்கைக்கு நல்லாவே புரிஞ்சுதும்மா," என்றார் எக்ஸாமினர். அசல் மதுரைத் தமிழ்.

நாத்தனார் வயரை அப்படியே போட்டுவிட்டு ஜன்னல் வழியாக மரத்தை ரசிக்க ஆரம்பித்தாள். போச்சு, இனி டேப்பும் அட்டைப்பெட்டியும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பதில் அவங்களோடது," என்றார் அவர். "உங்களுக்கு இன்னொரு கேள்வி. அவங்க வாயத் தெறக்கக் கூடாது. மாமியார் வந்து பாக்குறாங்க, ஃபேன் ரெண்டுல இருக்கு. அரைமணி கழிச்சுப் பாக்குறாங்க, அப்பவும் ரெண்டு. நடுவுல யாரோ அஞ்சுல வச்சு ஓட்டியிருந்தா, நோட்டப் பாத்துக் கண்டுபிடிக்க முடியுமா?"

இதற்குப் புத்தகம் எதற்கு?

"முடியவே முடியாது சார். நோட்டுல ரெண்டுன்னுதான் இருக்கும். அவங்க அந்தாண்ட போனதும் அஞ்சுல வைப்பேன். இருபத்தஞ்சாவது நிமிஷம் கரெக்டா ரெண்டுக்கு எறக்கிடுவேன். இன்னி வரைக்கும் ஒரு தடவகூட மாட்டுனதில்ல!"

அந்த முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. மார்க் தாளில் என் பெயருக்கு நேராகப் பாஸ் என்று எழுதி, எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார். கண் கலங்கிவிட்டது. நாத்தனாரைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அப்ப ரெண்டு வருஷமா எங்கப்பாவுக்குச் சளி விடாததுக்கு நீங்கதானா அண்ணி காரணம்?"